ஜோயல் வாங்கிய நட்சத்திரம்

தென்காசி,
டிசம்பர் 26.

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தரின் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகம்தான் தெரியவில்லை. நான் போன் செய்தால் மீட்டிங் என்கிறீர்கள். நீங்கள் போன் செய்தால் அத்தை அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுத் தப்பித்துக்கொள்வீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்களை மாமா ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார்கள். ஐயப்ப சாமிகள் கூட்டத்தில் தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தோம். பாப்பாவுக்குச் சளி. சென்னை வீட்டுக்கு எப்போது போவோம் என்று தினமும் கேட்கிறாள்.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் பவனி. டிராக்டரில் மாட்டுத் தொழுவம் ஜோடித்து, பின்னால் பாண்டு செட். ஜோயல் குதித்துக்கொண்டிருந்தான். உங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா வீட்டுக்கு வீடு நட்சத்திரத்தை நீட்டுவாராம். வாங்காத வீட்டார் கைகூப்பி ஒதுங்கிக்கொள்வார்களாம். வாங்கிய வீட்டார் வருடம் முழுக்கக் குடும்பத்தோடு ஊரில் இருந்து, சனிக்கிழமை தோறும் ஜெபக்கூட்டம் வைத்து, அடுத்த பவனியை நடத்த வேண்டுமாம். வயசாளிகள் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்று மாமா இத்தனை வருடமும் கைகூப்பியவர்கள். இந்தத் தடவை கைகூப்பாமல் ஜோயலை முன்னால் நிறுத்தினார்கள். சென்னை மாலில் கிறிஸ்துமஸ் தாத்தா எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய பிள்ளை, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

தெருவே கைதட்டியது. மாமா மைக்கை வாங்கி, "எம் மவன் ஜோஷ்வா குடும்பம் இங்கனயே வந்துட்டு. அடுத்த வருசப் பவனி எங்க வீட்டுல இருந்துதான் கெளம்பும்" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் முன்னால் வேறென்ன செய்ய? பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டான், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பிறகு சொன்னேன். "வாங்குனதக் குடுத்தா குடும்பத்துக்கு ஆவாதுட்டி" என்று அத்தை முடித்துவிட்டார்கள்.

அத்தான், தப்பு ஜோயல்மேல் என்றுதான் நேற்றுக் காலைவரை நினைத்திருந்தேன். புதுத்துணியோடு அத்தை இங்குள்ள பள்ளிக்கூட யூனிஃபார்மையும் எடுத்து வைத்தார்கள். அளவு அவனுக்குக் கச்சிதம். எப்படி என்று கேட்டேன். "ஜோஷ்வா போன மாசமே அளவுச் சட்ட அனுப்பிட்டாம்லா" என்றார்கள். எனக்குத் தெரியாது என்பதே தெரியாமல் சொன்ன முகம் அது. அவனுடைய அந்த நீலச் சட்டையைக் காணோம் என்று போன மாதம் நான் பீரோவையே கலைத்துப்போட்டுத் தேடினேன். நீங்களும் கூடச் சேர்ந்து தேடினீர்கள்.

வேலை போய்விட்டதா? வேறு ஏதாவதா? எதுவானாலும் என்னிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் லீவும் முடிகிறது. வராவிட்டால் லேப் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பெட்டிகளை அத்தை பரணில் ஏற்றிவிட்டார்கள். வாசலுக்குப் போனால்கூட எங்கே என்று கேட்கிறார்கள், அன்பாகத்தான்.

ஜனவரி இரண்டாம் தேதி பொதிகை ரயிலில் மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன். இங்கே யாருக்கும் தெரியாது. பெட்டி இறங்காவிட்டால் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஏறுவேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கர்த்தர் உங்களைக் காக்கட்டும். மூன்றாம் தேதி காலை எழும்பூருக்கு வாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். நீங்கள் வராவிட்டாலும் தெரிந்துவிடும்.

உங்கள்,
ஜெஸி