ஆடு தின்னாத இலை

மே 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து சோளகக் காற்று. மாவுச் சட்டியை மூடி வைத்தும் உள்ளே மணல். இடியப்பம் நறநறத்தால் கடைக்காரன் என்னைத்தான் பேசுவான், காற்றையா பேசுவான்?

நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து இன்றைக்குத்தான் வெளியே இறங்கினேன். எத்தாளைச் சந்தி வரைக்கும். செருப்புக் கடித்தது. வாங்கியவை: உப்பு, சவர்க்காரம், வெள்ளை நூல். வெள்ளை உடுப்பு இனித் தேவையில்லை, பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

என்னைக் கண்டதும் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். எரிச்சல். மௌத்தானது என் புருஷன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை அவரை அடக்கின மையவாடிக்குப் போக வேண்டும். பெண்கள் உள்ளே போவதில்லை, மதிலுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்வதுதான் ஊர் வழக்கம். அதுவே போதும். அவர் தலைமாட்டில் என் மரம் நிற்பதைப் பார்த்தால் போதும்.

மே 5, செவ்வாய்

இடியப்பம் பிழியும்போது மறுபடியும் அந்தச் சத்தம். டிங்.

கடைசிக் கிழமை அன்னமுன்னாப் பழம் தவிர அவருக்கு வேறொன்றும் இறங்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி கொட்டையைத் துப்புவார். மடியில் வைத்த தேத்தண்ணிப் பீரிசுத் தட்டில் டிங், டிங் என்று விழும். "பீரிசு ஒடஞ்சிரும்" என்று ஏசினேன். "அது ஒடஞ்சா வேற வாங்குவம். நான் ஒடஞ்சா என்ன செய்வாய்?" என்று சிரித்தார். பாழ்பட்ட வாய்.

ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப் போன பிறகு பார்த்தால் கட்டிலுக்கடியில் அந்தப் பீரிசு, கொட்டைகளோடு. ஐஸ்கிரீம் டப்பாவில் மணலும் சாணியும் போட்டு அத்தனையையும் ஊன்றினேன். ஒன்றுதான் முளைத்தது. அவர் வாயிலிருந்து வந்த ஒன்று. இத்தாவில் இருப்பவள் வாசல் தாண்டக் கூடாது. தம்பி நவாஸிடம் கொடுத்து அவர் தலைமாட்டில் நடச் சொன்னேன். ஜும்ஆ முடிந்து வரும்போதெல்லாம் சொல்வான்: "புடிச்சிட்டு ராத்தா." "புது இல விட்டிரிக்கி ராத்தா." அதைக் கேட்டுத்தான் அடுத்த ஜும்ஆ வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பீரிசை இன்னும் கழுவவில்லை.

மே 6, புதன்

நவாஸ் வந்தான். வெள்ளிக்கிழமை ஆட்டோவில் கூட்டிப்போ என்றேன். முதலில் டயர் சரியில்லை என்றான். பிறகு காத்து என்றான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"சொன்னா கவலப்படுவீங்க எண்டுதான் ராத்தா... அந்த மரத்த ஆடு திண்டுட்டு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வளக்கிற ஆடெல்லாம் மையவாடிக்குள்ளதானே மேயிது."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பச்சைப் பொய். ஆடு அன்னமுன்னா இலையைத் தொடாது. எங்கள் வீட்டு ஆடு கொடியில் காய்ந்த அவருடைய சாரனையே பாதி தின்றது, வேலியோரத்து அன்னமுன்னாவை மோந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கன்றை மையவாடிக்குத் துணிந்து கொடுத்ததே அதனால்தான். ஆடு எதைத் தின்னும் என்று தெரியாதவன் பொய் சொல்ல வந்துவிட்டான்.

அப்படியென்றால் என் கன்று எங்கே? மாவில் தண்ணீர் கூடிவிட்டது.

மே 7, வியாழன்

வெள்ளி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. தனியே நடந்தேன். மதில் கழுத்தளவு.

நிற்கிறது! ஒரு சாண் உயரம். காற்றில் இலை படபடக்கிறது, சுற்றிவரத் தென்னோலை மறைப்பு. வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகுதான் அது நிற்கிற கபுறைக் கவனித்தேன். சின்ன மேடு. குழந்தைப் பிள்ளையின் மேடு.

மதிலடியில் இன்னொருத்தி நின்றாள், என்னைவிட இளையவள். கரைப்பக்கத்து ஹலீமாவாம்.

"எண்ட மகள் ராத்தா. மார்கழி மழைக்கு முன்னால போனா. அந்த மரத்தப் பாருங்க. நாங்க ஒருத்தரும் நடல்ல, தானா மொளச்சது. அல்லாஹ் புள்ளைக்கு நிழல் குடுத்திட்டான் எண்டு இவர் சொல்றாரு. சுபஹு தொழுதிட்டு இவர்தான் தண்ணி ஊத்துற."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் சிரிக்கிறாள். அது என் புருஷன் துப்பின கொட்டை என்று எந்த வாயால் சொல்வது?

நேரே நவாஸ் வீடு. நான் ஏசின ஏச்சில் அவன் பெண்சாதி அடுப்படிக்குள் ஒளிந்தாள். அவன் அழுதுவிட்டான்.

"மச்சான அடக்கினதுக்குப் பொறகு வெள்ளம் மையவாடிக்குள்ள வந்தது ராத்தா. மேடெல்லாம் கரஞ்சி ஒரே மட்டம். தலமாட்டில ஊண்டின மீசான் கட்டயெல்லாம் மிதந்து மதிலோரம் ஒதுங்கிட்டு. தண்ணி வத்தினதும் ஆளாளுக்கு இங்கதான், அங்கதான் எண்டு திரும்ப நட்டாங்க. எங்கட கட்ட ஆம்புடவே இல்ல. ஒரு குத்துமதிப்பில மரத்த வெச்சன். அடுத்த கிழம போனா, எங்கட புள்ளட எடம் எண்டு அவங்க மேடு கட்டிரிக்காங்க. எதச் சொல்லிச் சண்ட புடிக்கிற? எனக்கே நிச்சயமில்ல."

"அப்ப ஒண்ட மச்சான் எங்கடா?"

"அந்தப் பக்கம்தான் எங்கயோ. ஒருத்தருக்கும் தெரியா. இத்தாவில இரிக்கிறவங்களுக்கு இத எப்பிடிச் சொல்ற? இல விட்டது எண்டு சொன்னது மட்டும் பொய்யில்ல ராத்தா."

மே 8, வெள்ளி

இடியப்பம் இல்லை. தலைவலி என்று கடைக்குச் சொல்லியனுப்பினேன்.

காலை முழுக்க வீட்டுக்குள் நடந்து நடந்து அவரோடு சண்டை. எங்கே கிடக்கிறீங்கள்? கடலுக்குப் போனாலும் சந்திக்குப் போனாலும் போகிற இடம் சொல்லாத மனுசன், இப்பவும் அதே வேலை. உங்களை எந்த மண்ணைப் பார்த்து நான் கூப்பிட? ஒரு சத்தமாவது தாங்க.

பிழிகிற நாளெல்லாம் கேட்கும் டிங் இன்றைக்கு இல்லை. வீடு பயமாக இருந்தது.

மே 9, சனி

மதிலடிக்குப் போனேன். ஹலீமா முந்தியே வந்து நின்றாள். இலையின் ஓரம் கருகுது என்று கவலை.

"உப்புக் காத்துக்கு அப்பிடித்தான். ஓலைய இன்னும் உசத்திக் கட்டச் சொல்லுங்க" என்றேன்.

"ஆடு திண்டிருமோ எண்டும் பயமா இரிக்கி ராத்தா."

"திண்ணாது. அன்னமுன்னாவ ஆடு திண்ணாது."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட வீட்டில நிண்டது."

பிறகு அவள் கேட்டாள், "ஒங்கட ஆள் எந்தப் பக்கம்?"

மணலையெல்லாம் ஒருமுறை பார்த்தேன். அத்தனை கட்டைகள், எது யாருடையதோ. கை தானாக உயர்ந்தது. "அந்த மரத்துக்குப் பக்கத்தில" என்றேன்.

"அப்ப எண்ட புள்ள தனிய இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே மரத்துக்கு ஸலாம் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து பீரிசைக் கழுவினேன். துடைத்து அலுமாரிக்குள் வைத்துத் திறப்பைப் போட்டுப் பூட்டினேன். அடுப்படிப் பக்கம் திரும்புகிறேன், பூட்டின அலுமாரிக்குள்ளிருந்து டிங்.

ஓம், கேட்குது என்றேன்.