ஒரு இஞ்ச் தாராளம்

நெய்வேலி, இருபத்தோராம் பிளாக்
14.3.1999

திருப்பூர் பனியன் கம்பெனிகளை ஊசி முனையில் நிறுத்தி ஆளும் என் மருமகள் ஜெனிஷாவுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும், பகலில் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் பக்கெட் வீலையும் சாயங்காலத்தில் சைக்கிள் வீலையும் சுழற்றி இந்த டவுன்ஷிப்பைக் காத்துவருபவனுமாகிய உன் தாய்மாமன் கிறிஸ்துதாஸ் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தை லூசியும் சுகம்.

நீலச் சைக்கிள் பிரேம் முடிந்தது! ஷிப்ட் விட்டதும் மந்தாரக்குப்பத்தில் தனகோடியின் வெல்டிங் பட்டறைக்குப் போய், அவன் கேஸையும் அவன் திட்டையும் இலவசமாக வாங்கிக்கொண்டு, பைப்புக்குப் பைப் பித்தளையை உருக்கி ஒட்டிக் கட்டியது. முதல் நாள் ஓட்டிக்கொண்டு பஜார் பக்கம் போனேன். ஏட்டு சல்யூட் அடித்தார். பலாப்பழம் ஏற்றி வந்த பண்ருட்டி லாரி ஒதுங்கி வழி விட்டது. மறுநாள் சுரங்கத்துக்குக் கொண்டுபோனேன். பக்கெட் வீல் அதைப் பார்த்து வெட்கப்பட்டுப் பாதி ஷிப்ட் சுற்றவே இல்லை. உற்பத்தி குறைந்ததற்கு எனக்கு மெமோ தரலாமா என்று மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்தால் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டுவேன்.

எல்லாம் சரி, நடு முக்கோணம் காலியாகக் கிடக்கிறது. நீ ஒன்பதாவது படிக்கும்போது என் கிழிந்த மைன்ஸ் ரெயின்கோட்டை வெட்டி, உன் அத்தையின் மெஷினில் முதல் பை தைத்தாய். அன்றிலிருந்து கிறிஸ்துதாஸ் பிரேம் என்றால் ஜெனிஷா பை. பாரும் சீட் பைப்பும் கீழ்ப் பைப்பும் சேர்கிற முக்கோணத்துக்குள் இம்மி பிசகாமல் உட்கார்ந்து, சோற்று டப்பா, பம்ப், பஞ்சர் சாமான் அத்தனையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல வரும் பை. வேறு எந்தச் சைக்கிளுக்கு அந்தக் கௌரவம் உண்டு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யார் அந்த மருதாசலம்? உன் போன கடிதத்தில் வரிக்கு வரி மருதாசலம் ஐயா. என் பெயர் கவர்மேல் மட்டும், அதுவும் தபால்காரருக்காக. அவரும் பிரேம் கட்டுகிறாராம், அவருக்கு நீ இரண்டு பை தைத்தாயாம். இரண்டு! எனக்குக் கோபம் இல்லை. பொறாமையா? எனக்கா? நெய்வேலியில் நிலக்கரி தீர்ந்தாலும் தீரும், எனக்குப் பொறாமை வராது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: அவருக்கு என்ன வயது, ஒட்டுவது பித்தளையிலா வெள்ளியிலா, சொட்டை உண்டா?

சற்றும் பொறாமை இல்லாத,
மாமா

*

திருப்பூர்
28.3.1999

அன்புள்ள மாமாவுக்கு ஜெனிஷா வணக்கமாய் எழுதுவது. அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? பனியன் துணியில் ஒரு நைட்டி தைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

மருதாசலம் ஐயாவுக்கு வயது அறுபத்திரண்டு. கோயமுத்தூர் மோட்டார் கம்பெனி ஒன்றிலிருந்து ரிட்டயராகி மகள் வீட்டோடு இருக்கிறார், எங்கள் ஹாஸ்டலுக்கு அடுத்த தெரு. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பிரேம் கட்டுகிறார். வெள்ளி. சொட்டை உண்டு, உங்கள் அளவுக்கு இல்லை.

நான் அவரைத் தேடிப் போகவில்லை மாமா. நீங்கள் கட்டிக் கொடுத்த சிவப்புச் சைக்கிளில் கம்பெனிக்குப் போகும்போது நடுரோட்டில் கைகாட்டி நிறுத்தினார். “ஏனுங் கண்ணு, இந்தப் பிரேம் யாருங் கட்டுனது?” என்று குனிந்து பைப்புகள் சேர்கிற ஒவ்வொரு மூட்டையும் கட்டைவிரலால் தடவினார். “பித்தளை தேனாட்டம் ஓடியிருக்குதுங். ஆனா வண்டி ஒரு நூல் எடப்பக்கம் இழுக்குமே?” என்றார்.

இழுக்கிறதுதான் மாமா. கட்டின நாளிலிருந்து இழுக்கிறது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நான்தான் சொல்லவில்லை. அவர் ஒரு இரும்பு மேஜைமேல் வைத்து அரைமணியில் நேராக்கிக் கொடுத்தார். அந்த நன்றிக்குத்தான் இரண்டு பை.

ஒரு உதவி. நீலப் பிரேமின் முக்கோணத்தில் உள்பக்க அளவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எதற்கு என்று கேட்கக்கூடாது.

அன்பு மருமகள்,
ஜெனிஷா

*

நெய்வேலி
6.4.1999

இடப்பக்கம் இழுக்கும் சைக்கிளில் இத்தனை வருஷம் வாய் திறக்காமல் தியாக வாழ்வு வாழ்ந்த மருமகளுக்கு,

ஒரு நூல் இழுக்கிறதாம்! அந்த இழுப்பு நானே வைத்தது அம்மா, நானே வைத்தது. என் மருமகள் லாரிக்காரன் பக்கம் போகாமல் எப்போதும் இடது ஓரமாகவே போகவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த இழுப்பு. அதைப் போய் நேராக்கிவிட்டார், பெரிய மேஜைக்காரர்! இனி உன் உயிருக்கு அவர்தான் ஜவாபு.

அதுவும் கட்டைவிரலால் தடவினாராம். என் மூட்டை அடுத்தவன் தடவுவதா? கேட்டதிலிருந்து எனக்கு மோர்சாதம் இறங்கவில்லை. மூன்றாம் தட்டில்தான் இறங்கியது.

இப்போது அளவு கேட்கிறாய். எதற்கு என்று கேட்கக்கூடாதாம். கேட்காமலே எனக்குத் தெரியும். என் நீலப் பிரேமைக் கண்ணால் பார்க்காமலே காப்பி அடிக்க ஒருவர் மொட்டைமாடியில் தவம் கிடக்கிறார், நடுவில் நீ வெகுளியாகத் தூது வருகிறாய். எந்த ராஜா பக்கத்து ராஜாவுக்குக் கோட்டை அளவை எழுதி அனுப்பினான்? ஆனால் கேட்டது நீ. நீ கேட்டு நான் இல்லை என்று சொன்ன சரித்திரம் கிடையாது. எழுதிக்கொள்: பார் பக்கம் இருபத்தொன்றரை இஞ்ச், சீட் பைப் பக்கம் பதினெட்டு, கீழ்ப் பைப் பக்கம் இருபத்துநாலு. இந்த அளவில் யார் பிரேம் கட்டி எட்டிப் பிடித்து ஓட்டினாலும் அவர்கள் இடுப்பு நீடூழி வாழ்க.

உன் அத்தை பின்னால் நின்று டேப்பை ஒருமுறை, தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, “இன்னாய்யா இது, பாவம்யா அந்தப் புள்ள” என்று சிரிக்கிறாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

கோட்டை வாசலைத் திறந்துவிட்ட,
மாமா

*

திருப்பூர்
20.6.1999

அன்புள்ள மாமாவுக்கு,

இத்துடன் ஒரு பார்சல் வரும். இனி சொல்லலாம், அளவு கேட்டது இதற்குத்தான். செப்டம்பர் திருநாளுக்கு நீங்கள் நீலச் சைக்கிளில் வேளாங்கண்ணி போகப்போவதாக அத்தை எழுதியிருந்தார்கள். காலி முக்கோணத்தோடு என் மாமா மாதா கோயிலுக்குப் போவதா?

கான்வாஸ் மருதாசலம் ஐயா கொடுத்தது. மிலிட்டரித் துணி. தனக்கென்று பல வருடமாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். உங்கள் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவேன் (கோபிக்காதீர்கள், அவரைத் திட்டும் இடங்களையும்தான்). இழுப்பு விஷயத்தைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார். “ஓரமாப் போகோணும்னு இழுப்பு வெச்சாராமா! இந்த மனுசனுக்குக் குடுக்காம இந்தத் துணிய யாருக்குங் குடுக்கறது?” என்று தானே பெட்டியைத் திறந்து விரித்தார்.

நீங்கள் எழுதிய அளவுக்கு ஒரு மரச்சட்டம் செய்து தந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் மாட்டி மாட்டிப் பார்த்துத் தைத்தேன். நான் தைத்ததிலேயே இதுதான் நல்ல பை மாமா. கம்பெனியில் நாளெல்லாம் யாரோ போடும் பனியனைத்தான் செக் பண்ணுகிறேன். இது ஒன்றுதான் யாருக்கு என்று தெரிந்து தைத்தது.

ஆகஸ்ட் கடைசியில் லீவு சொல்லியிருக்கிறேன். நானும் ஐயாவும் விருத்தாசலம்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து சைக்கிளில் வருகிறோம். அவருக்கு நீலப் பிரேமைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். மூவரும் சேர்ந்தே வேளாங்கண்ணி போகலாம்.

அன்பு,
ஜெனிஷா

*

நெய்வேலி
11.7.1999

தையல் உலகின் தலைமகளுக்கு,

பை வந்தது! முக்கோணத்தில் வைத்தேன். என்ன சொல்ல? தாய் மடியில் பிள்ளைகூட இப்படி உட்கார்ந்ததில்லை. காற்று நுழைய இடம் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பிளாக்கே திரண்டு வந்து பார்த்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ் சக்கரபாணி, தன் சைக்கிளை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட்டார்.

ஆனால் ஆகஸ்டில் வருவது பற்றிக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். வெயில் கடுமை. சுரங்கத்தில் நிலக்கரி தானே பற்றிக்கொள்கிறது, மேலே நின்றால் மனிதனும் பற்றிக்கொள்வான். முத்தாண்டிக்குப்பம் முந்திரிக்காட்டில் ஒரு காட்டுப்பன்றி, கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களை மட்டும் வாசம் பிடித்துத் துரத்துகிறதாம். வயசான மனிதரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? வேண்டுமானால் நீ மட்டும் வா. டிசம்பரில் வா.

போட்டோ அனுப்பச் சொல்லாதே. நீலச் சைக்கிள் பெயிண்டுக்குப் போயிருக்கிறது.

மிகவும் சந்தோஷமாக இருக்கும்,
மாமா

*ஜெனி, அத்தை எழுதறேன். ஒட்டச் சொல்லி இன்லேண்ட என்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்காரு. பை பார் பக்கம் ஒரு இஞ்ச், கீழ்ப் பக்கம் ஒரு இஞ்ச் பெருசு. உன்மேல தப்பில்ல புள்ள. அந்தப் பெரியவரு காப்பி அடிப்பாருன்னு இவருதான் அளவக் கூட்டி எழுதிவுட்டாரு. பை வந்த அன்னிக்கு அத மடியில வச்சிகினு தையல ஒவ்வொண்ணா எண்ணிகினு இருந்தாரு. “குடுய்யா, ஒரு இஞ்ச் மடிச்சி நானே தச்சித் தரேன்”னேன். “அவ தச்சதுல யாரும் கத்தி வெக்கக்கூடாது”ன்னு கத்தறாரு. இப்ப தனகோடி பட்டறையில நல்லா இருந்த நீல சைக்கிள அறுத்துப் போட்டு, பை அளவுக்கு நீளமா புது பைப்பு வச்சிகினு இருக்காரு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. வா. பெரியவரையும் இட்டுகினு வா. – லூசி*

*

நெய்வேலி
19.9.1999 (கார்டு)

மருமகளுக்கு, நலம். இடுப்பு வலி குறைந்தது. சிதம்பரம் தாண்டி மருதாசலம் என் ஹேண்டில்பாரைப் பின்பக்கம் திருப்பி வைக்காவிட்டால், மாதா முன் மண்டியிட்டவன் அந்த வளைவிலேயே வீடு திரும்பியிருப்பேன். வந்த அன்று புது மூட்டைத் தடவிவிட்டு, “பிரேம் போன வாரம் பொறந்ததாட்டம் இருக்குதுங்” என்றாரே, நீ கவனித்தாயோ இல்லையோ. நல்ல கண். திமிர் பிடித்த கண். பை ஒரு சொட்டு மழை விடவில்லை. பட்டறைக்குப் போக வேண்டும். மற்றவை பின்.

மாமா

*

திருப்பூர்
5.12.1999

மாமாவுக்கு,

அந்தக் கார்டுக்குப் பிறகு எனக்கு உங்களிடமிருந்து ஒரு வரி கிடையாது. தபாலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இல்லை. மருதாசலம் ஐயா வீட்டுக்கு வாராவாரம் வருகிறது, தடிதடியாக, சில சமயம் ஸ்டாம்பு போதாமல். அவர் மாடியில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறார். பக்கெட் வீல் வெட்கப்பட்ட கதை அவருக்கும் போயிருக்கிறது. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது எனக்கு எழுதின கதை மாமா.

போன வாரம் ஒரு தாளைக் கொடுத்தார். நீங்கள் இருவரும் கூட்டாக ஒரு பிரேம் கட்டுகிறீர்களாம். முக்கோணம் நெய்வேலியில் நீங்கள் ஒட்டியது, பின்பக்க ஃபோர்க் இங்கே அவர் ஒட்டப்போவது. பை நான் தைக்க வேண்டுமாம். தாளில் உங்கள் கையெழுத்தில் மூன்று அளவு. உங்கள் முக்கோணமும் பார்சலில் வந்து கிடந்தது. டேப் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அவருக்குச் சரியான அளவு. எனக்கு மட்டும் ஒரு இஞ்ச் தாராளம்.

ஆமாம், தெரியும். ஜூலையிலிருந்தே தெரியும், அத்தையைத் திட்டாதீர்கள். வேளாங்கண்ணிவரை உங்களுக்குப் பின்னாலேயே வந்தேன். நீங்கள் ஹேண்டில்பாரை எட்டி எட்டிப் பிடிப்பதையும், பை அசையாமல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக்கொண்டே மிதித்தேன். அப்போது என் மனதில் இருந்ததை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் ஐயாவுக்கு எழுதிவிடுவீர்கள்.

பை தைத்தாகிவிட்டது. நல்ல கான்வாஸ், நல்ல ஜிப். பார் பக்கம் மட்டும் ஒரு இஞ்ச் கூட வைத்திருக்கிறேன். கை தவறி அல்ல. இனி என்ன செய்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பையில் மட்டும் யாரும் கத்தி வைக்கக்கூடாது, அது நீங்கள் போட்ட சட்டம்.

கிறிஸ்மஸுக்கு வருகிறேன். தனியாக.

சற்றும் பொறாமை இல்லாத,
ஜெனிஷா