சாப்பிட்டாயா என்று கேட்காத மென்பொருள்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதை நீங்களே படிக்க முடிகிறதா? நான் நலமே.

நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த மாசாய் ஊர்த் தொழிற்சாலையில் பழுதுகளைப் பதிய ஒரு மென்பொருள் வேண்டும். சந்தையில் விற்பதை வாங்குவதா, நானே புதிதாக உருவாக்குவதா என்று என்னிடமே முடிவைக் கேட்டார்கள். உருவாக்கினால் இன்னும் இரண்டு வருடம் இங்கே. வாங்கினால் ஒப்பந்தம் முடிந்து பொங்கலுக்கு வீட்டில்.

விற்பதைச் சோதித்துப் பார்த்தோம். ஒருவரும் அதில் புகார் எழுதவில்லை. கேண்டீனில் பேக்கிங் பிரிவு பிரேமலா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, பிரிண்டர் ரோசாக் லா, ஓடவே மாட்டேங்குது" என்றாள். பழுது என்பதை இங்கே மலாய் மொழியில் ரோசாக் என்பார்கள்.

"அதுல எழுதேம்மா."

"நீங்கன்னா சாப்டியான்னு கேப்பீங்க. அது கேக்குமா?"

நான் உருவாக்கினாலும் அது கேட்காதே! பழுதைச் சொல்ல வருபவர்கள் எதற்காக ஓர் ஆளைத் தேடுகிறார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன். என்னிடம் 'சாப்பிட்டீர்களா' என்று இங்கே கேட்பவளும் பிரேமலா ஒருத்திதான்.

"விற்பதையே வாங்குங்கள், பழுதுகளைக் கேட்டு அதில் பதிய பிரேமலாவை உட்கார வையுங்கள்" என்று மேலாளரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

மோர்மிளகாய் கேட்டிருந்தேனே, அனுப்ப வேண்டாம். வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள்
சாருமதி