மெஷின் செய்யாத தப்பு

மார்ச் 3

பரணிலிருந்து பழைய வீடியோ ரெக்கார்டரை இறக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது. தங்கை கேட்டிருந்தாள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம். இன்னும் காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை. "அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டுக்கா. நான் எப்படிப் பாடினேன்னு எனக்கே மறந்துபோச்சு" என்றாள்.

பதினாறு வயதில் உள்ளூர் டிவி போட்டியில் அவள் பாடியது. மெஷின் டேப்பைக் கடித்துவிட்டதால் கொஞ்சம்தான் பதிவானது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மார்ச் 4

வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? நேராக அதையே திணித்தேன். கரகரவென்று சத்தம், பிறகு மூச்சுப்பேச்சில்லை. கேசட் வெளியே வரமாட்டேன் என்கிறது. அன்றைக்குக் கடித்ததாகச் சொன்னேன், இன்றைக்குக் கடித்தே விட்டது.

மார்ச் 6

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. டேப்பை விரலாலேயே சுற்றிச் சுற்றி விடுவித்தார். ஆரம்பத்தில் ரெண்டு அடி மட்டும் கசங்கிவிட்டதாம். அது வெறும் விளம்பரம்தான். பிழைத்தேன்.

மார்ச் 11

புது பெல்ட் போட்டு, ஹெட்டைத் துடைத்து, டேப்பை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி ஓட்டினார். திரையில் தங்கை ரெட்டைப் பின்னலோடு வருகிறாள். மைக் எட்டவில்லை, யாரோ வந்து இறக்குகிறார்கள். பல்லவி. இரண்டாம் தடவை பல்லவியை எடுக்கிறாள். அவ்வளவுதான், பிறகு திரையெல்லாம் புள்ளி புள்ளியாக. மொத்தம் நாற்பது விநாடி.

அன்றைக்கு டேப் சிக்கிக்கொண்டது என்றேன், வழக்கம்போல.

அவர் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சிக்கியிருந்தா இந்த இடம் கசங்கியிருக்கும்மா. புதுசு மாதிரி இருக்கு. யாரோ நிறுத்தியிருக்காங்க."

பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மார்ச் 12

என் நோட்டில் எனக்கென்ன ஒளிவு மறைவு. நான்தான் நிறுத்தினேன்.

அதே போட்டிக்கு நானும் போனேன். தேர்விலேயே கழித்துக்கட்டிவிட்டார்கள். நேரடி ஒளிபரப்பு என்பதால் அம்மா, அப்பா, அவள் எல்லோரும் நிலையத்துக்குப் போக, பதிவு செய்ய என்னை வீட்டில் விட்டுப்போனார்கள். அவள் பாடத் தொடங்கியதும் வயிறு எரிந்தது. பொத்தானை அமுக்கினேன். அவர்கள் வந்ததும் பழியை மெஷின்மேல் போட்டேன்.

அப்பா நம்பிவிட்டார். கேசட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்தார். அது இல்லாவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. இருக்கிறதாவது பத்திரமாக இருக்கட்டும் என்றார். போய்ச் சேரும்வரை அந்த மெஷினைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவள் பிறகு எங்கேயும் பாடவில்லை. மிச்சம் இருப்பது இந்த நாற்பது விநாடிதான்... அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன். கூடப் பிறந்தவளுக்குச் செய்யற வேலையா இது?

மார்ச் 15

தங்கையும் அவள் மகளும் வந்தார்கள். போட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தாள். படம் நின்ற பிறகும் அவள் உதடு மட்டும் அடுத்த வரிக்கு அசைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு அந்தக் காற்றுக் குரலில்:

"மீதிய டிவில கேட்டியா?"

"கேட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. அதனாலதான் நிறுத்தினேன்."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வைத்த காபி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

மார்ச் 29

இன்றும் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 20

தங்கை மகள் மட்டும் வந்தாள், கையில் ஒரு புதுக் கேசட். ஞாயிற்றுக்கிழமை அதே டிவியில் நேரடியாகப் பாடுகிறாளாம். அம்மாவும் கூடப் போகிறாளாம். "பெரியம்மாதான் பதிவு பண்ணணும்னு அம்மா சொன்னாங்க."

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லையாம்.

ஏப்ரல் 24

வேறொரு கேசட்டை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதியதைப் போட்டேன். வீட்டில் நான் மட்டும். குழந்தை நடுவில் ஒரு வரியை மறந்து, சிரித்து, திரும்ப எடுத்துப் பாடினாள். பாட்டு முடிந்தது, கைதட்டல் முடிந்தது, விளம்பரம், செய்தி எல்லாம் ஓடியது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டேப் தீர்ந்து மெஷின் தானாகவே நின்றது.

ஓரத்துத் துண்டை உடைத்துவிட்டேன். இனி என்னாலும் அதை அழிக்க முடியாது. நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாசலோடு வாங்கிக்கொண்டு அனுப்பினாலும் சரி.