ஆள் கிடைக்காத மொழி

அன்புள்ள உனக்கு (அத்தை எட்டிப் பார்த்தால் "உங்களுக்கு"),

இங்கே நலம். அங்கே குளிர் எப்படி என்று கேட்கப் போவதில்லை. போனில் அதைப் பற்றி மட்டும்தானே பேசுகிறோம். வேறு எதையாவது ஆரம்பித்தால் உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். அத்தைக்கு முட்டிவலி விட்டபாடில்லை. மற்றபடி தெம்பாக இருக்கிறார்கள். உன் நீலச் சட்டையைக் கரித்துணி ஆக்கிவிட்டார்கள். கேட்டால், என் பிள்ளை மாதிரிதான் அதுவும், நாலு பக்கமும் இழுத்துக்கிட்டுப் போச்சு என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். டயாலிசிஸ் சென்டரில் யாருக்கு எந்த மெஷின் என்று ஒதுக்க நாம் இருவரும் எழுதிய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று மேனேஜருக்கு யோசனை வந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், அது எந்த மொழியில் எழுதியது என்று கேட்டுவிட்டு, "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று சிரித்தாராம். அந்த மொழி மீது ஊரில் சொல்லும் குறைகளை எல்லாம் எடைபோட்டு எழுதித் தரும்படி மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார். நீ அடம்பிடிச்சான் என்று பேர் வைத்த அந்த மொழிக்குத் தீர்ப்பு எழுத நான்தானா கிடைத்தேன்!

பொய் எழுத மனம் வரவில்லை. எழுதியது கம்பைல் ஆகி ஓடத் தயாராவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பது உண்மை, ஆனால் பாதிக் குற்றம் நம் ஓட்டைக் கம்ப்யூட்டருடையது. மற்ற மொழிகளில் எதற்கெடுத்தாலும் யாராவது எழுதி வைத்தது கிடைக்கிறது. இதில் ஒரு லேபிள் பிரிண்ட் எடுக்கக்கூட நாமேதான் மல்லுக்கட்டினோம். அதையும் ஒத்துக்கொண்டேன்.

சும்மா தொணதொணக்குது என்று ஆலோசகர் சொன்னதை மட்டும் விடவில்லை. ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டால், அது நம்மை ஓர் அடி நகரவிடாது. ஒரு நாள் நான் கடுப்பில் கீபோர்டைத் தள்ளிவிட்டேன், ஞாபகமிருக்கிறதா? அது கேக்கறது நல்லதுதானே, ஒண்ணுமே வரலைன்னா என்ன பண்றதுன்னு இப்பவே முடிவு பண்ணிடு என்றாய். அதனால்தான் முடிவு வராத யாரையும் இன்றுவரை அது மற்றவர்களுடைய மெஷினில் உட்கார வைத்ததில்லை. தனி மெஷினுக்குத்தான் அனுப்புகிறது. ஒருவர் நோய் இன்னொருவருக்கு ஒட்டவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதினேன்.

மிஞ்சியது ஒரே குறை, ஆள் கிடைக்காது என்பது. விளம்பரம் கொடுத்தோம், ஒரே ஒருவர் வந்தார். இதைக் கத்துக்கிட்டா நாளைக்கு வேற எங்க வேலை கிடைக்கும் என்று கேட்டார். போனவர் திரும்பி வரவில்லை. இந்தப் பத்தியை எழுத எனக்குக் கை ஓடவே இல்லை. நீ போன பிறகு அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ராஜினாமா கொடுக்கும்போதெல்லாம், மாத்து ஆள் வரட்டும்மா என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மேனேஜர் படித்தார். நியாயமா எழுதியிருக்கீங்க, வேற மொழிக்கே மாத்திடுவோம் என்றார். அப்பாடா என்றிருந்தது, ஒரு நிமிஷம்தான். மாற்றி முடிக்க இரண்டு வருஷமாவது ஆகுமாம். அதுவரை பழையதை ஓட்டவும் புதியவர்களுக்கு விளக்கவும் நான் இருந்தே ஆக வேண்டுமாம். வைத்துக்கொண்டாலும் நான், தூக்கிப் போட்டாலும் நான். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேலையைப் போட்டுவிட்டு வா என்று முன்பென்றால் சொல்லியிருப்பாய். ஜன்னலோர மெஷினில் உட்காரும் பஸ் டிரைவர் என்னைப் பார்த்ததும், என் சீட்டு பத்திரமா இருக்காம்மா என்று கேட்பார். நான் கிளம்பிய மறுநாள் அடம்பிடிச்சான் மக்கர் பண்ணினால் அவரை எங்கே உட்கார வைப்பார்கள்? அந்த முகத்தை மறந்துவிட்டு விமானம் ஏற எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடு பார்த்த புதிதில் அலமாரியில் பாதி எனக்கு என்று வீடியோவில் திறந்து காட்டினாய். வெறும் ஹேங்கர்கள் வரிசையாகத் தொங்கின. போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் முதுகுக்குப் பின்னால் அது திறந்து கிடந்தது. என் பக்கம் முழுக்க உன் கோட்டுகள். எப்போது வருகிறாய் என்று நீ கேட்டும் வெகுநாள் ஆகிறது. கோபமில்லை. காலியாகக் கிடப்பதை ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

நான் வர முடியாமலே போனால் என்ன செய்வது என்று நாம் முடிவு பண்ணவே இல்லை. அடம்பிடிச்சானாக இருந்தால் முதல் நாளே நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் தலை மூடாமல் போகாதே. இதற்குப் பதில் எழுத வராவிட்டாலும் பரவாயில்லை, என் பக்கத்தில் ஒரே ஒரு ஹேங்கரையாவது காலியாக விட்டு வை.

இப்படிக்கு,
பின்னாலேயே வருகிறேன் என்று உன்னை அனுப்பி வைத்தவள்