குடைக்காரியின் மேசைக்கு அடியில்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. போனில் எழுதினால் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தை வகுப்பறை ஆக்கப் போகிறார்கள். படங்கள் மொத்தமும் நீ வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்கு வருகின்றன. உனக்குத் தெரியாத செய்தி மாதிரி எழுதுகிறேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்று வாரமாக ஞாயிறு தவறாமல் கூப்பிட்டாய். அப்பாவுக்கு இருமல் நின்றதா, என் சக்கர நாற்காலிக்கு டயர் மாற்றியாச்சா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தாய். இதை மட்டும் விழுங்கிவிட்டாய்.

நேற்று போனேன். கூடம் முழுக்க மரப்பெட்டி. படம் இருந்த இடங்களில் மட்டும் சுவர் புதுசாக இருக்கிறது. "எல்லாப் படமும் இணையதளத்துல இருக்கும்மா, வீட்டுலேர்ந்தே பாத்துக்கலாம்" என்றார் நிர்வாகி. யாரிடம்? அதே படங்களைப் பற்றி நாலாயிரம் பேர் படிக்கிற இணையப் பக்கத்தை ஐந்து வருடமாக நடத்துகிறவளிடம். திரையில் எது தெரியாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? உன் ஊருக்கு மூன்று மணி நேர ரயில்தானே என்றும் சொன்னார். அந்த ரயிலில் ஏற நான்கு படி. அவர் அவற்றை எண்ணியதே இல்லை போலிருக்கிறது.

நம் குடைக்காரி படத்தின் பெட்டியை இன்னும் மூடவில்லை. குடை ரிப்பேர் செய்யும் அந்த அம்மாவின் மேசைக்கு அடியில், ஓவியர் ஒரு குழந்தையை வரைந்து, மேலே கறுப்பைப் பூசி மறைத்திருக்கிறாரே, அது நிற்பவர் கண்ணுக்குச் சிக்காது. என் உயரத்திலிருந்து பார்த்தால்தான் பெயின்ட் மேட்டில் வெளிச்சம் விழுந்து முழங்கால், கை, தலை என்று எழுந்து வரும். சின்ன வயதில் நான் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நீ ஒருத்திதான் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாய். "ஆமாண்டி, இருக்கு" என்றாய். அதற்கப்புறம்தான் உனக்கு இந்த அருங்காட்சியகப் படிப்பு ஆசையே வந்தது.

பெட்டிமேல் ஒட்டியிருந்த பரிசோதனைத் தாளைப் படித்தேன். 'கீழ்ப்பகுதி: வெறும் கறுப்பு. குறிப்பிட ஏதுமில்லை.' பெற்றுக்கொள்பவர் இடத்தில் உன் கையெழுத்து. போட்டோவைப் பார்த்துப் போட்டிருப்பாய், நூறோடு நூற்றொன்றாக. வேறு யாராவது என்றால் என் இணையப் பக்கத்தில் எழுதியே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். பாதி எழுதி அழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை லாரி அங்கே வந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் தரையில் உட்கார்ந்து பார். அந்த வரியை அடித்துவிட்டு, இருப்பதை எழுது. மாட்டும்போது படத்தின் நடு, தரையிலிருந்து நூற்றுப் பத்து சென்டிமீட்டரில் இருக்கட்டும். நிற்பவர்கள் கொஞ்சம் குனியட்டும், முதுகு ஒடிந்துவிடாது.

ரயிலின் நான்கு படிக்கும் நாற்காலியை ஒரு பக்கம் அப்பா பிடிப்பார். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. இந்த ஞாயிறு போன் பண்ணாதே. வா.

நல்லா இரு அக்கா.

கோபம் தீராத
உன் தங்கை