வாற்கோதுமைத் தேநீர்

மோகனூர்
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு வணக்கம். பங்குனி பிறந்ததிலிருந்து ஒரு வரியும் எழுதாமல் காலந்தாழ்த்தியமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். காரணம் உண்டு. மகள் நித்யஸ்ரீக்கு வரன் கூடி வருகிறது. வரன் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில், ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இருவரும் தாங்களே முடிவு செய்துகொண்டு, பெற்றவர்கள் பேசி முடித்ததாக இருக்கட்டும் என்று எங்களிடம் விட்டிருக்கிறார்கள். பையன் நவநீதகிருஷ்ணன், எடப்பாடிக்காரர். தற்சமயம் பயிற்சிக்காக ஜப்பானில் இருக்கிறார். அவருடைய பெற்றோர் இருபதாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள்.

அந்நாட்டில் கோடைக்குப் பார்லியை வறுத்துக் காய்ச்சி, குளிரவைத்துப் பருகுகிறார்களாம். மாப்பிள்ளைக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியமாம். எல்லா வீட்டிலும் நீட்டுகிற காப்பியையே நானும் நீட்ட வேண்டுமா? எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். அதன்பின் கற்றவை அனைத்தும் நானே கற்றவை. இதையும் கற்பேன்.

9 ஏப்ரல்

முதல் ஈடு கருகியது. வெளியே கரி, உள்ளே பச்சை.

12 ஏப்ரல்

கைகூடிவிட்டது. ஜப்பானிய அம்மையார் ஒருவரின் காணொளியை, ஓசையை அடக்கிவிட்டு, கையை மட்டும் பார்த்துக் கற்றேன். இரும்பு வடைச்சட்டி, மிகச் சிறிய தீ, ஓயாத கிளறல். மணி ஒவ்வொன்றும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் கொதிநீரில் இட்டு, சற்றுக் கொதித்ததும் இறக்கி, மூடிவைத்து, துணியில் வடித்துக் குளிர்விக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் கூடவே கூடாது.

பார்லி தீர்ந்து மறுபடியும் கடைக்குப் போனபோது மளிகைக்கடை நல்லதம்பி, “மறுக்காவும் பார்லிங்களா? ஊட்ல ஆருக்குங்க சொகமில்ல?” என்றார். குடும்பத் தேவை என்று மட்டும் சொன்னேன். விருந்துக்கு முன்பே செய்தி கசிவதை நான் விரும்பவில்லை.

நோயாளிக்குக் கொடுப்பதன் பெயரை விருந்தினர்முன் சொல்வதும் முறையாகாது. அகராதியைப் புரட்டினேன். வாற்கோதுமை! ஆகவே இது வாற்கோதுமைத் தேநீர். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, பேரே பல்லில் சிக்குகிறது என்றார். இவருக்கு எல்லாமே கேலி.

20 ஏப்ரல்

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் வசந்தாமணி அம்மையார், தந்தையார், தந்தையாரின் தமக்கை செல்லாயி அம்மையார். நித்யாவும் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்திருந்தாள். கண்ணாடித் தம்ளரில் தேநீரைக் கொடுத்தேன். செல்லாயி அம்மையார் முகர்ந்து பார்த்தார்.

“என்னங்க இது, கசாயமுங்களா?”

“வாற்கோதுமைத் தேநீர்.”

“அப்படின்னா?”

“ஜப்பானியர் விரும்பிப் பருகுவது,” என்றேன். அதற்குமேல் விளக்குவது விருந்தினரைச் சிறுமைப்படுத்துவது போலாகும் என்று கருதினேன்.

வசந்தாமணி அம்மையார் ஒரு மடக்கு குடித்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். பிடித்திருந்தால் இன்றே பூ வைத்துவிடுவதாகப் பேச்சு. பூக்கூடையைப் பிரிக்காமலே எடுத்துப் போய்விட்டார்கள். சொல்லி அனுப்புகிறார்களாம்.

24 ஏப்ரல்

ஒரு தகவலும் இல்லை. இவர் சோறு உண்ணும்போதும் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

27 ஏப்ரல்

நித்யா வேலை பார்க்கும் ஊரிலிருந்து கைப்பேசியில் பேசினாள். மாப்பிள்ளை சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று திரும்பும் வழியில் அவர்கள் நல்லதம்பி கடையில் நின்று விசாரித்திருக்கிறார்கள். பெண் எடுப்பவர்கள் விசாரிப்பது வழக்கந்தானே. அவரும் கள்ளங்கபடமில்லாமல், திரும்பத் திரும்பப் பார்லி வாங்குவதையும், யாருக்கு என்று கேட்டால் நான் சொல்லாததையும் சொல்லியிருக்கிறார். போதாதா? செல்லாயி அம்மையார் சொன்னாராம்: “புள்ளைக்குக் கல்லடைப்புத்தான். பார்லின்னா தெரிஞ்சு போயிருமுன்னு வாயில நொழையாத பேரச் சொல்லி மூடறாங்க.” மாப்பிள்ளை அங்கிருந்து எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், கட்டிக்கப் போறவளுக்குப் பரிந்து பேசுகிறான் என்று தள்ளிவிட்டார்கள். இப்போது ஸ்கேன் எடுத்துக் காட்ட வேண்டுமாம்.

“ஸ்கேன் காட்டித்தான் கட்டிக்கோணும்னா எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்மா,” என்று வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? காப்பி குடுத்திருந்தா இந்நேரம் நாள் குறிச்சிருப்பாங்க. ஒத்த வார்த்தை — எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை — அது என் வாயில வரலையே. எதுக்கு அகராதியத் தொட்டேன்?

29 ஏப்ரல்

எழுத மனமில்லை.

1 மே

அழைக்காமல் பெண் வீட்டார் போய் நிற்பது வழக்கமில்லை. கூப்பிடாமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று இவர் தயங்கினார். நினைக்க வேண்டியதை நினைத்தாயிற்று என்றேன். வடைச்சட்டியையும் பார்லியையும் பையில் எடுத்துக்கொண்டு எடப்பாடிக்குப் பேருந்து ஏறினோம்.

செல்லாயி அம்மையார்தான் வாசலில் நின்றார். “சட்டியக்கூடவா கொண்டாந்தீங்க? எங்கூட்ல சட்டி இல்லீங்களா?”

வழியெல்லாம் வரிசையாக அடுக்கிவைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. “பார்லிங்க,” என்றேன். “வெறும் பார்லி. எம்புள்ளைக்கு ஒரு நோவும் இல்லீங்க. பேரு பெருசா இருந்தா மரியாதைன்னு நெனச்சுட்டனுங்க.”

யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானாகவே கேட்டு அவர்களுடைய அடுப்பில் சட்டியை வைத்தேன். கிளறினேன், கிளறினேன். சமையலறையில் வறுத்த மணம் ஏறிற்று. இவர் நடையிலேயே நின்றார். என் முகத்தில் வியர்வை வழிந்து கண் எரிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் கருகிவிடும்.

வசந்தாமணி அம்மையார் பக்கத்தில் வந்தார். “கரண்டியக் குடுங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு.”

கொடுத்தேன். இறக்கும்வரை அவரே கிளறினார். வடித்ததை முதலில் நானும் இவரும் குடித்தோம், பிறகு அவர்கள். போய்ட்டு வாங்க என்றார்கள். அவ்வளவுதான்.

4 மே, ஞாயிறு

மாலையில் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி. மூன்று முறை போட்டுக் கேட்டேன். இவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை.

“ஏனுங் சம்பந்தி, நானே வறுத்துப் பார்த்தனுங்க. கரியாப் போச்சு. தீ எவ்வளவு வெக்கோணும்? செல்லாயி அண்ணி வேற சிரிக்கறாங்க.”

நித்யாவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். பிறகு கீழ்க்கண்டவாறு பதில் எழுதினேன்:

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு வணக்கம். உடனே பதிலளிக்க இயலாததற்கு மன்னிக்கவும், கண்ணாடி அகப்படவில்லை. பார்லி முதல் ஈடு எல்லோருக்கும் கருகும். தீயை நன்றாகக் குறைத்து, கையை நிறுத்தாமல் கிளறுங்கள். அடுத்த ஈடு என்ன நிறத்துக்கு வந்தது? சீக்கிரம் பதில் போடுங்க.